பதிவேட்டில் பெயர் மாறட்டும், பிறகு பணம் மாறட்டும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் பங்கீடு பற்றிப் பேசுவோம். இந்த மாதம் கொடைக்கானல் விடுதி பற்றிப் பேசப்போகிறோம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் சென்ற ஆண்டு ஒரு சகோதரர் நம் அலுவலகத்துக்கு வந்து அமர்ந்தபோது அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

பதினான்கு ஆண்டுகள் சவூதியில் உழைத்துவிட்டுத் திரும்பியவர் அவர். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பளபளவென்று ஒரு உறுப்பினர் சான்றிதழ், லேமினேட் செய்த அட்டை, முத்திரை இல்லாத ஒரு ரசீது. "செகண்ட் ஹேண்ட் டைம்ஷேர், பாய். புதுசா வாங்கினா நாலு லட்சத்துக்குக் குறையாது, ஒன்றே முக்காலுக்கு முடிச்சுத் தர்றேன்னு புரோக்கர் சொன்னார். வருஷம் ஒரு வாரம் பிள்ளைகளோட மலையில தங்கலாம்னு வாங்கிட்டேன்" என்றார். ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாயையும் ரொக்கமாகப் புரோக்கர் கையில் கொடுத்திருக்கிறார்.

மே மாதத்துக்கு அறை கேட்டு விடுதி நிறுவனத்துக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னும் பழைய உறுப்பினரின் பெயர்தான் இருந்தது. அந்த உறுப்பினர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். அதற்கு முன்பிருந்தே ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. மொத்தம் ஐந்து ஆண்டு நிலுவை. பாக்கியைத் தீர்க்காமல் அறை கிடையாது, பெயர் மாற்றமும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் நம்மிடம் கேட்டது பணத்தைப் பற்றியல்ல. "பிள்ளைகள்ட்ட பெட்டி கட்டச் சொல்லிட்டேன் பாய். இப்ப என்னன்னு சொல்றது?" என்றுதான் கேட்டார்.

அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல், இதை உங்கள் முன் வைக்கிறோம். விடுமுறை நெருங்கினால் இந்தப் புரோக்கர்கள் நம் தெருக்களுக்கும் வருவார்கள். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர்தான். நம் ஊர் வெயிலில் யாருக்கும் அந்த ஆசை வரும். ஆசையில் தவறில்லை. மனைவி மக்களோடு ஹலாலான முறையில் ஓய்வெடுப்பதும் நல்ல காரியமே. வாங்கும் முறையில்தான் கவனம் வேண்டும்.

டைம்ஷேர் என்றால் என்ன?

ஒரு விடுதி அறையை ஆண்டு முழுவதும் வாங்காமல், ஆண்டில் ஒரு வாரம் தங்கும் உரிமையை மட்டும் பல ஆண்டுகளுக்கு மொத்தமாக வாங்குவதுதான் டைம்ஷேர். 1963-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாபிமாக் இத்துறையின் முன்னோடி நிறுவனங்களில் ஒன்று. ஓர் ஊரில் உள்ள வாரத்தை வேறு ஊரில் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டை, 1974-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் பரப்பியது. நம் பக்கத்தில், 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களில் விடுதிகள் அமைத்து, 99 ஆண்டு உரிமை என்று விற்றது. 1996-ல் தொடங்கிய மஹிந்திரா ஹாலிடேஸ், கிளப் மஹிந்திரா என்ற பெயரில் 25 ஆண்டு உறுப்பினர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மதுரையில் பெரிய ஓட்டல்களில் பரிசுக் கூப்பன் கொடுத்து, தேநீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் பேசி விற்றார்களே, உங்களில் சிலர் போயிருப்பீர்கள், அதுதான் இது.

அப்படி வாங்கியவர்களில் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஆண்டுக் கட்டணம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. விற்றுவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். இந்த இடத்தில்தான் புரோக்கர் வருகிறார்.

வீடு வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல

நாம் சோழவந்தான் பக்கம் ஐந்து சென்ட் வாங்கினாலும் என்ன செய்கிறோம்? சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். மூலப் பத்திரம் கேட்கிறோம். பட்டா பார்க்கிறோம். வக்கீலிடம் காட்டுகிறோம். நிலத்துக்கு அரசாங்கப் பதிவேடு இருக்கிறது.

நம் ஊரில் விற்கப்படும் டைம்ஷேர்களில் பெரும்பாலானவை நிலமும் அல்ல, கட்டடமும் அல்ல. ஒரு நிறுவனத்துக்கும் ஒரு உறுப்பினருக்கும் இடையிலான ஒப்பந்தம். அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் கிடைக்காது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அந்த உரிமை யாருடையது, எத்தனை ஆண்டு பாக்கி, எவ்வளவு நிலுவை என்பதையெல்லாம் சொல்லக்கூடிய பதிவேடு ஒன்றே ஒன்றுதான். அது அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. புரோக்கரிடம் இருக்கும் அட்டை வெறும் அட்டை.

ஆகவே இன்று நாம் சொல்ல வந்தது ஒன்றுதான்: நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும்வரை நீங்கள் எதையும் வாங்கவில்லை. முதலில் நிறுவனத்திடம் போங்கள். கடைசியில் புரோக்கருக்குக் கொடுங்கள். நம் சகோதரர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டார்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது?

விற்பவரையே அழைத்துக்கொண்டு போங்கள், அல்லது அவருடைய பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்க வேண்டியவை இவை.

உறுப்பினர் பெயர் யார்? இணை உறுப்பினர் உண்டா? உண்டென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

காலம் எப்போது முடிகிறது? 25 ஆண்டுத் திட்டத்தில் 19 ஆண்டு போய்விட்டால் நீங்கள் வாங்குவது ஆறு ஆண்டுதான். அட்டையில் பெரிய எழுத்தில் 25 என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

எந்தப் பருவம்? கிளப் மஹிந்திரா போன்ற திட்டங்களில் பருவங்களை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். நீல உரிமையை வைத்துக்கொண்டு பள்ளி விடுமுறைக்கு மே மாதம் கொடைக்கானல் கேட்டால் கிடைக்காது. உங்கள் பிள்ளைகளுக்கு எப்போது விடுமுறையோ அந்தப் பருவம்தான் உங்களுக்குப் பயன்.

எத்தனை பேர் தங்கலாம்? ஸ்டுடியோ என்பது ஒரே அறை. அத்தா, அம்மா, நாலு பிள்ளைகள் என்று நம் வீட்டுக் கணக்குக்கு அது போதாது.

ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு? போனாலும் போகாவிட்டாலும் இந்தக் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு உயரவும் செய்யும்.

பெயர் மாற்றம் அனுமதிக்கப்படுகிறதா? அதற்குக் கட்டணம் எவ்வளவு? பழைய உறுப்பினருக்கு இருந்த எல்லாச் சலுகையும் புதியவருக்கு வருமா, வெளிநாட்டு மாற்று வசதி தொடருமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு கணக்கு போடுவோம். இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைதான். விலை 1,50,000 ரூபாய். பெயர் மாற்றக் கட்டணம் 25,000. ஆண்டுக் கட்டணம் 20,000 வீதம் மிச்சமுள்ள ஆறு ஆண்டுக்கு 1,20,000. ஆக மொத்தம் 2,95,000 ரூபாய். ஆண்டுக்கு ஏழு இரவு வீதம் ஆறு ஆண்டுக்கு 42 இரவுகள். ஒரு இரவுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. சாப்பாட்டுச் செலவு தனி. இந்தப் பணத்துக்கு வேண்டிய ஊரில், வேண்டிய நாளில் நல்ல விடுதியில் அறை எடுத்துத் தங்கிவிட்டு வந்துவிடலாம் அல்லவா? விலையைக் குறைத்துக் கொடுத்தால், காலம் நிறைய மிச்சம் இருந்தால், ஆண்டுதோறும் நிச்சயம் போகிற குடும்பமாக இருந்தால், இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். கணக்குப் போடாமல் மட்டும் வாங்க வேண்டாம்.

"இப்ப வாங்கி வையுங்க, நாளைக்கு நல்ல விலைக்குப் போகும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். காலம் குறையக் குறைய விலையும் குறையும் பொருள் இது. தங்கும் இரவுகளை விற்பதாகச் சொல்லி, தங்காவிட்டால் பணம் பெருகித் திரும்ப வரும் என்று நம்பவைத்த திட்டங்களும் நம் நாட்டில் இருந்தன. பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் அப்படித் திரட்டிய 7,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட பணத்தைத் திருப்பித்தர வேண்டுமென்று 2016-ல் செபி உத்தரவிட்டது. உத்தரவு வந்துவிட்டால் பணம் உடனே கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இதை வாங்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். ஒரு பொருளின் பயன்பாட்டை விலைக்கு வாங்குவது இஜாரா என்ற வகையில் ஃபிக்ஹ் நூல்களில் பேசப்படுவதுதான். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, டைம்ஷேர் பற்றியே தனியாக ஆராய்ந்து, நிபந்தனைகளோடு அனுமதிக்கத்தக்கது என்று முடிவு செய்தது. மக்காவில் ஹரமுக்கு எதிரே, மன்னர் அப்துல் அஜீஸ் வக்ஃப் நிலத்தில் எழுந்த ஸம்ஸம் டவரிலும், குவைத்தின் முன்ஷஆத் நிறுவனம் 24 ஆண்டுத் தங்கும் உரிமையைப் பங்குகளாகப் பிரித்து விற்றது. ஆகவே பெயரைக் கேட்டதும் ஹராம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் "ஹரமுக்குப் பக்கத்துல ரமலான் வாரம், செகண்ட் ஹேண்ட்ல வருது" என்று யாராவது வந்தால், மக்காவின் பெயரைக் கேட்டு மனம் இளகிவிடாமல், மேலே சொன்ன அதே கேள்விகளைக் கேளுங்கள்.

தடுக்கப்பட்டது கரர், அதாவது என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவது. எந்த இடம், எந்தப் பருவம், எத்தனை ஆண்டு என்பது தெளிவாக இல்லாத வியாபாரத்தில் கரர் நுழைந்துவிடுகிறது. வட்டித் தவணையில் வாங்குவது பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. நிலுவைக்கு வட்டி சேருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தனிப்பட்ட ஒப்பந்தம் பற்றிய தீர்ப்பை உலமாக்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டியே கேளுங்கள்.

புரோக்கர் கமிஷன் ஹலால்தான். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பில் தரகர் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்திருக்கிறார்கள். ஆனால் தானியக் குவியலின் மேலே காய்ந்ததைப் பரப்பி, ஈரமானதை அடியில் மறைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நம் அனைவருக்கும் தெரியும். மேலே கொடைக்கானல் ஏரியின் படம், அடியில் ஐந்து ஆண்டு நிலுவை என்றால் இதுவும் அந்த ஈரத் தானியம்தான். நம் சமுதாயத்திலேயே இந்தத் தொழில் செய்யும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகராவின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்ட பிறகும், "நம்ம பாய்தானே" என்று ரொக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

சகோதரிகளின் ஹக்

நம் சகோதரரின் விஷயத்தில் நம்மை அதிகம் வருத்தியது இன்னொன்று. அந்தச் சான்றிதழை விற்றவர் மௌத்தானவரின் மூத்த மகன். அவருக்கு இரண்டு சகோதரிகள். தாயாரும் இருக்கிறார்கள். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. "அத்தா வச்சிருந்த பழைய கார்டுதானே, அதுல என்ன பங்கு?" என்று நினைத்திருக்கிறார். நாம் நேரில் போய் உட்கார்ந்தபோதுதான் அந்தச் சகோதரிகளுக்கே தெரிந்தது.

தகப்பனார் விட்டுச் சென்ற வீட்டில் பங்கு உண்டென்றால், விலைக்குப் போகும் எந்த உரிமையிலும் அந்தக் கேள்வி உண்டு. ஒருவர் இறந்தபின் வாடகை உரிமை தொடருமா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். அதை ஆலிம்கள் சொல்வார்கள். ஆனால் விற்றுப் பணம் வந்த பிறகு அதை ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வதை எந்த மத்ஹபும் ஏற்காது. வாங்குகிறவருக்கும் பொறுப்பு இருக்கிறது. உறுப்பினர் உயிரோடு இல்லையென்றால் இறப்புச் சான்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்ற வாரிசுச் சான்று, எல்லா வாரிசுகளின் கையெழுத்து, இந்த மூன்றும் இல்லாமல் கை நீட்டாதீர்கள். ஒரு பெண்ணின் ஹக்கின் மேல் படுத்துத் தூங்குவதற்காகவா மலைக்குப் போகிறோம்?

அந்தச் சந்திப்பில் இன்னொன்றும் தெரியவந்தது. மகனுக்குப் புரோக்கர் கொடுத்தது 80,000 ரூபாய். நம் சகோதரரிடம் வாங்கியது 1,75,000. மீதி 95,000 நடுவில் நின்றுவிட்டது. விற்பவரும் வாங்குபவரும் ஒருமுறைகூடச் சந்திக்காமல் பார்த்துக்கொண்டதால்தான் இது நடந்தது. "ஓனர் வெளியூர்ல இருக்கார், எல்லாம் என்கிட்டயே பேசுங்க" என்பதுதான் முதல் அபாய மணி.

பணம் கொடுக்கும் முறை

ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் கொண்டுவந்த விதிமுறையில், டைம்ஷேரை மறுவிற்பனை செய்துதரும் தரகர், விற்பனை உண்மையில் முடியும்வரை ஒரு காசும் முன்பணம் வாங்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி விதி இல்லை. நமக்கு நாமே அந்த விதியைப் போட்டுக்கொள்ளலாமே.

விலையை உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பெயர் மாற்றக் கட்டணத்தையும் நிலுவையையும் நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். விற்பவர் அச்சப்பட்டால் சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து, பெயர் மாறாவிட்டால் இத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயரில் நிறுவனத்தின் கடிதம் வந்த பிறகு, பேசிய கமிஷனைப் புரோக்கருக்குக் குறையில்லாமல், தாமதமில்லாமல் கொடுங்கள். அது அவருடைய ஹக்.

ஏற்கெனவே டைம்ஷேர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. "உங்க மெம்பர்ஷிப்புக்கு ஆள் ரெடி, வரியும் பிராசஸிங் கட்டணமும் மட்டும் முதல்ல கட்டுங்க" என்று போன் வரும். இது உலகளாவிய மோசடி. மெக்சிகோவில் ஒரு போதைப்பொருள் கும்பலே அமெரிக்க முதியவர்களை இப்படி ஏமாற்றியதற்காக, அதோடு தொடர்புடைய நிறுவனங்கள் மீது 2023-ல் அமெரிக்க அரசு தடை விதித்தது. விற்பதற்கு நீங்கள் பணம் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். இணையவழியில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். நுகர்வோர் ஆலோசனைக்கு 1915. காவல் நிலையத்தில் எழுத்துப் பூர்வமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு.

நம் சகோதரரின் விஷயம் இன்னும் முழுதாக முடியவில்லை. அந்த மூத்த மகன், அல்ஹம்துலில்லாஹ், தவறை ஒப்புக்கொண்டு 80,000 ரூபாயைத் தவணையில் திருப்பித் தருகிறார். பாதிக்கு மேல் வந்துவிட்டது. புரோக்கரின் போன் அணைந்தே கிடக்கிறது. புகார் விசாரணையில் இருக்கிறது. அந்த மே மாதம் சகோதரர் பிள்ளைகளை ஒரு நாள் வைகை அணைக்குக் கூட்டிப்போய், ஓரமாகப் பாய் விரித்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட வைத்திருக்கிறார். "மலைக்கு அடுத்த வருஷம் போவோம்னு சொல்லியிருக்கேன் பாய், இன்ஷா அல்லாஹ் பஸ்ஸுல போய் லாட்ஜுல தங்குவோம்" என்றார்.

இனி யாராவது டைம்ஷேர் பேப்பர் கொண்டுவந்தால், கையெழுத்திடும் முன் அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையில் நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். கட்டணம் ஏதுமில்லை. உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம். பணம் கொடுத்த பிறகு வந்தாலும் வரவேற்போம். ஆனால் முன்பே வந்தால் இரு தரப்புக்கும் கண்ணீர் மிச்சம்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. பிறர் ஹக் நம் கையில் சேராமல் காப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.